மலையக நகரங்களில் பழைய கட்டடங்களும் புதிய கட்டுமானங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்டியில் பழைய கடையை இடித்துவிட்டு மாடி எழுப்ப நினைப்பவர், நுவரெலியாவில் ஒரு பங்களாவை விலை பேசுபவர், தோட்டத்துக் கோயிலுக்குப் பணம் சேர்க்கும் திருப்பணிச் சபையினர், லயனை (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பை) விட்டுத் தனிவீட்டுக்குப் போகக் காத்திருக்கும் குடும்பத்தினர் ஆகிய எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளையே கேட்கின்றனர். எதை இடிக்கலாம், எதை இடிக்கக்கூடாது, சரிவில் எவ்வளவு கட்டலாம், யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பனவே அவை. அக்கேள்விகளுக்குரிய விடைகள் கீழே தரப்படுகின்றன.

எத்தனை ஆண்டு கடந்தால் ஒரு கட்டடம் சட்டப்படி தொன்மைச் சின்னமாகும்?

நூறு ஆண்டு கடந்தால் போதும் என்று பலரும் நம்புகின்றனர். அது பாதி உண்மைதான். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், வயதைக் காட்டிலும் ஒரு குறிப்பிட்ட நாளையே எல்லையாகக் கொள்கிறது. அந்நாள் 1815 மார்ச் 2. கண்டி அரண்மனையின் மகுல் மடுவ மண்டபத்தில் பிரதானிகளும் ஆங்கிலேயரும் உடன்படிக்கை செய்து, கண்டி இராச்சியம் பிரித்தானிய முடிக்குக் கைமாறிய நாள் அதுவே. அந்நாளுக்கு முன்னர் எழுந்ததாகக் கருதத்தக்க கட்டடம், யாரும் விண்ணப்பிக்காமலே தொன்மைச் சின்னம் என்ற தகுதியைப் பெறுகிறது. அந்நாளுக்குப் பிந்திய கட்டடமோ, நூறாண்டு கடந்ததாயினும், அமைச்சர் வர்த்தமானியில் கட்டளை வெளியிட்டால்தான் அந்தத் தகுதியை அடையும். அவ்வாறு அறிவிக்கப்பட்ட காலனித்துவக் காலக் கட்டடங்களும் உண்டு. ஆனால் யாராவது கேட்டு, ஆய்வு நடந்து, கட்டளை வெளிவரும் வரை அவற்றுக்குக் காவல் இல்லை.

இந்த எல்லைக்கோடு மலையகத் தமிழருக்கு எப்படி அமைகிறது என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளர் வரத் தொடங்கியது 1820களில். ஆகவே அவர்கள் வெட்டிய பாதை, சுமந்த கல், குடியிருந்த லயன், கும்பிட்ட மாரியம்மன் கோயில், கொழுந்து நிறுத்த மடுவம், பிள்ளைக் காம்பரா (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), ஸ்டோர் (தொழிற்சாலை) ஆகிய யாவும் சட்டம் தானாகக் காக்கும் காலத்துக்குச் சில ஆண்டுகள் பிந்தியவை. ஒரு சமூகத்தின் இருநூறாண்டுக் கட்டட வரலாறு முழுவதும், பிறர் முன்வந்து கேட்டால் மட்டுமே காக்கப்படும் பட்டியலில் விழுந்துவிடுகிறது. இதற்குப் பின்னால் சதி ஏதும் இருந்ததாக நான் எண்ணவில்லை. 1940இல் சட்டம் வகுத்தவர்களுக்குத் தோட்டத்துக் கட்டடங்கள் அன்றாடப் பயன்பாட்டுப் பொருள்களாகவே தோன்றியிருக்கும். ஆனால் இன்றும் அந்த எல்லைக்கோட்டை அப்படியே ஏற்றுக்கொண்டு, பழைமை என்றாலே அரண்மனையும் விகாரையும்தான் என்று நாமும் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இல்லை.

கண்டி நகரில் எவையெல்லாம் பாதுகாப்புக்குள் அடங்குகின்றன?

கண்டிப் புனித நகரம் 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தலதா மாளிகை, அரண்மனைத் தொகுதி, நாத தேவாலயம் உள்ளிட்ட தேவாலயங்கள், மல்வத்தை, அஸ்கிரிய விகாரைகள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த ஏரி, அதன் கரையில் பாதியிலே நின்றுபோன முகில் மதில் என்பன இம்மரபுரிமையின் நடுவே உள்ளவை. அவற்றைச் சூழ்ந்து செங்கோணமாக வெட்டிக்கொள்ளும் பழைய வீதிகளும், அவ்வீதிகளில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த இரண்டு தட்டுக் கடைவீடுகளும் நகரின் முகத்தை உருவாக்குகின்றன.

நகரம் ஒரே காலத்தில் உறைந்து நிற்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மகுல் மடுவ மண்டபத்தை 1783இல் ராஜாதி ராஜசிங்கன் கட்டத் தொடங்கினான். அதைப் பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டில் நீட்டிக் கட்டினர். அரசியர் நீராடிய மண்டபம் பின்னர் நூலகமாகவும் பொலிஸ் நிலையமாகவும் பயன்பட்டது. மாளிகை வளவை ஒட்டியே 1840களில் தொடங்கிய புனித பவுல் தேவாலயம் செங்கல் நிறத்தில் நிற்கிறது. 1998 ஜனவரி 25ஆம் திகதிக் குண்டுவெடிப்பில் மாளிகை பெருஞ்சேதம் அடைந்தது. பூச்சு உதிர்ந்த சுவர்களில் அடியிலிருந்த பழைய ஓவியப் படைகள் வெளிப்பட்டன. சேதமடைந்த கல்லையும் மரத்தையும் நம் காலத்துக் கைவினைஞரே திரும்பச் செதுக்கினர். அந்த அளவில், நாம் இன்று வணங்கும் மாளிகையில் ஒரு பகுதி நம் தலைமுறையின் வேலை.

கண்டியின் பழைய கட்டடக்கலையில் தமிழரின் பங்கு என்று எதையாவது சுட்டிக் காட்ட முடியுமா?

முடியும், ஆனால் மிகைப்படுத்தாமல் காட்ட வேண்டும். கம்பளை அரசு காலத்தில், 1344இல், கடலாதெனிய விகாரையைக் கல்லில் எழுப்பிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேசுவராசாரி என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. தூண்களும் அதிட்டானமும் (அடிப்பீடமும்) தென்னிந்தியக் கோயில் மரபில் அமைந்திருப்பதைத் தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண் உடனே அடையாளம் காணும். அதே ஆண்டைச் சேர்ந்த இலங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நால்வரும் மதுரையோடு மணவுறவு கொண்ட நாயக்கர் வழியினர். அவர்களின் உறவினர் குடியிருந்த தெரு இன்றும் மலபார் வீதி என்றே வழங்குகிறது. கொட்டுகொடல்ல வீதியிலுள்ள கதிர்காம தேவாலயத்தில் இரு சமயத்தாரும் வழிபடுவதைக் கண்டியில் வளர்ந்த எவரும் அறிவர்.

இருந்தாலும் கண்டிக் கூரையைத் தமிழர் கொண்டுவந்தனர் என்று நிறுவ முயல்வது வீண் வேலை. மேற்பகுதி செங்குத்தாக ஏறி, கீழ்ப்பகுதி சாய்வு குறைந்து அகலமாக விரியும் அந்தக் கூரை, இம்மலையின் மழைக்கு இம்மலையிலேயே கண்ட விடை. மேலே விழும் நீர் வேகமாக இறங்குகிறது. கீழே விரிந்த இறவாணம் அதைச் சுவருக்கு எட்டாத தொலைவில் கொட்டுகிறது. மண்சுவரும் செதுக்கிய மரத்தூணும் இருநூறாண்டு தாங்கியதற்கு அதுவே முதற்காரணம்.

மரபுரிமை எல்லைக்குள் காணி இருந்தால் புதிதாக எதையுமே கட்ட முடியாதா?

கட்டலாம். ஆனால் ஓர் அலுவலகத்தோடு வேலை முடியாது. கட்டட அனுமதியை வழங்குவது மாநகர சபை. 1865 முதல் கண்டிக்கு மாநகர சபை உண்டு. திட்டமிடல் விதிகள், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபையின் வசம் உள்ளன. அரச காணியிலுள்ள தொன்மைச் சின்னத்துக்கோ பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்கோ 400 யாருக்குள், அதாவது ஏறத்தாழ 366 மீற்றருக்குள், கட்டுவதானால் தொல்பொருளியல் திணைக்களத்தின் இணக்கமும் தேவை. கண்டி நகர மத்தியில் இந்த 400 யார் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன.

காணியை வாங்கிவிட்டு வரைபடத்தோடு அலைவதே வழக்கமாக இருக்கிறது. முற்பணம் கொடுப்பதற்கு முன்பே காணியின் நில அளவைப் படத்தோடு மூன்று அலுவலகங்களிலும் விசாரிப்பது நல்லது. எத்தனை தட்டு, எவ்வளவு உயரம், எத்தகைய கூரை, வீதியிலிருந்து எவ்வளவு விலகல் என்பன இடத்துக்கு இடம் மாறும். பக்கத்துக் காணியில் ஐந்து தட்டு எழுந்துவிட்டது என்பது உங்கள் காணிக்கு அனுமதி ஆகாது.

முன்புறச் சுவரை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் புதிய மாடி எழுப்புவது பாதுகாப்பாகுமா?

சட்டப்படி அது ஏற்கப்படும் இடங்கள் உண்டு. என் கருத்தில் அது கடைசிப் புகலிடமாக இருக்க வேண்டுமேயன்றி முதல் யோசனையாக இருக்கக்கூடாது. கண்டிக் கடைவீடு என்பது முகப்பு மட்டுமன்று. முன்னால் கடை, மேலே மரத்தரை போட்ட குடியிருப்பு, நடுவே வெளிச்சமும் காற்றும் இறங்கும் திறந்த முற்றம், பின்னால் கிணறும் அடுக்களையும் என்ற அதன் ஒழுங்கே அதன் கட்டடக்கலை. முற்றத்தை மூடிக் கொங்கிரீட் பலகை போட்டதும் உள்ளே பகலிலும் விளக்கெரிக்க வேண்டி வருகிறது. மழைநீர் இறங்க இடமின்றி அயலவரின் சுவருக்குப் போகிறது. பழைய சுவரைத் தாங்கிப் பிடித்த மரத்தரைகள் போனபின், முகப்பு தனித்து நின்று வெடிப்பு விடுவதையும் காணலாம். முகப்பைக் காக்கப் பணம் செலவிட முடிகிறவர், முற்றத்தையும் காத்து, கூடுதல் தளத்தைப் பின்வளவில் கட்ட முடியுமா என்று கட்டடக் கலைஞரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

மலைச்சரிவில் வீடு கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி ஏன் வேண்டும்? மேசன் பாஸ் பார்த்துச் சொன்னால் போதாதா?

போதாது. மேசன் பாஸ் சுவரைப் பற்றி அறிவார். சுவருக்கு அடியிலுள்ள மண் எங்கே போகப் பார்க்கிறது என்பதை அவரால் சொல்ல முடியாது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன் இந்நிறுவனத்தின் அபாய மதிப்பீட்டைப் பெறுவது 2011இலிருந்து கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சரிவின் கோணம், மண்ணின் ஆழம், பாறையின் நிலை, ஊற்றுகள், மேலிருந்து வரும் நீர், வெட்டப்போகும் மண்மேட்டின் உயரம் ஆகியவற்றைப் பார்த்து, கட்டலாம், நிபந்தனையோடு கட்டலாம், கட்டக்கூடாது என்று அவர்கள் எழுதித் தருகின்றனர்.

மலையகத்தில் வீடு சரிவதற்குப் பெரும்பாலும் நாமே செய்யும் மூன்று வேலைகள் காரணமாகின்றன. சமதரை வேண்டும் என்பதற்காக மலையைச் செங்குத்தாக வெட்டுகிறோம். வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி, அது இறுகுமுன் அதன்மேல் அத்திவாரம் போடுகிறோம். பின்பக்கம் எழுப்பும் தாங்குசுவரில் நீர் வடியத் துளை விடுவதில்லை, அல்லது விட்ட துளை அழகைக் கெடுக்கிறது என்று பூசி மூடிவிடுகிறோம். மழை நாளில் சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரின் பாரம் மண்ணின் பாரத்தோடு சேர்ந்து தள்ளும்போது எவ்வளவு தடித்த சுவரும் நிற்காது. கூரை நீரைக் கானுக்குக் கொண்டுபோகாமல் சரிவிலேயே விடுவதும், மலசலகூடக் குழியை மேட்டில் தோண்டுவதும் அந்த நீரை இன்னும் பெருக்குகின்றன.

2020 செப்டெம்பர் 20ஆம் திகதி கண்டி பூவெலிகடையில் ஐந்து தட்டுக் கட்டடம் ஒன்று தாழிறங்கி அயல்வீட்டின்மேல் விழுந்தது. கைக்குழந்தை உட்பட மூவர் இறந்தனர். தங்கள் வீட்டில் எந்தப் பிழையும் செய்யாதவர்கள் அவர்கள். ஆகவே அனுமதி என்பது கட்டுபவருடைய தலைவலி மட்டுமன்று. கீழே குடியிருப்பவரின் உரிமை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியபோதும், அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. குடும்பங்களை இடம் மாற்றும் வேலைதான் நடக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகள் பரவலாகச் சரிந்தபின், இதை விளக்க வேண்டிய தேவையே குறைந்துவிட்டது.

மழை நாளில் நினைவில் வைக்க வேண்டிய அளவுகள் இவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு நிலை, 100 தாண்டினால் எச்சரிக்கை நிலை, 150 தாண்டினாலோ ஒரு மணி நேரத்துக்குள் 75 பெய்தாலோ வெளியேற வேண்டிய நிலை. தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், இறுகிக்கொள்ளும் கதவு, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குவது அல்லது வற்றுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அளவுகளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பழைய பங்களாக்களையும் தேயிலைத் தொழிற்சாலைகளையும் விடுதியாக மாற்றுவது நல்லதா?

பயன்பாடில்லாத கட்டடம் இம்மழையில் நெடுங்காலம் தாங்காது என்பதால், பொதுவாக நல்லதே. கந்தப்பளையில் மூடிக் கிடந்த ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் விடுதியானது. அதன் இரும்புச் சட்டகமும் வரிசை வரிசையான சாளரங்களும் இயந்திரங்களும் இருந்த இடத்திலேயே விடப்பட்டதால், எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் அதைப் பார்த்து ‘ஸ்டோர்’ என்றே சொல்லும். கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலை தேயிலை அருங்காட்சியகமாகியுள்ளது. ஹப்புத்தளை அருகே 1931இல் எழுந்த அடிஷாம் பங்களா, 1960களின் தொடக்கத்திலிருந்து துறவியர் மடமாக இருக்கிறது. இம்மூன்றிலும் அதிகம் மாறாமல் நிற்பது அதுதான்.

பொதுக் கட்டடத்தின் நிலை வேறு. 1894ஆம் ஆண்டைச் சேர்ந்த நுவரெலியா அஞ்சலகத்தை விடுதித் திட்டத்துக்குக் கொடுக்க 2023இல் அரசு எண்ணியபோது, அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். செங்கற் சுவர் தப்பினால் போதும் என்று வாதிட்டவர்களும் இருந்தனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடிதம் போடவும் ஓய்வூதியம் எடுக்கவும் எவரும் உள்ளே நுழையக்கூடிய கட்டடம், அறைக்கட்டணம் செலுத்துபவர் மட்டும் நுழையும் கட்டடமாக மாறும்போது ஓடும் செங்கல்லும் அப்படியே இருந்தாலும் நகரம் ஒன்றை இழந்துவிடுகிறது. 1876இல் கட்டப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டபின் 2014இல் மூடப்பட்ட போகம்பரைச் சிறைச்சாலைக்கும் இதே அளவுகோலைத்தான் பிடிக்க வேண்டும்: நகர மத்தியில் அவ்வளவு பெரிய வளவு இனிக் கிடைக்காது.

லயன் நமக்கு அவமானச் சின்னம்தானே? அதை ஏன் பாதுகாக்க வேண்டும்?

இக்கேள்வியைக் கோபத்தோடு கேட்பவர்களுக்கு அந்தக் கோபத்துக்கான உரிமை முழுவதும் உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் முன்னால் ஓர் இஸ்தோப்பும் (திண்ணையும்) கொண்டு, தகரக் கூரையின் கீழ் வரிசையாக, சில இடங்களில் முதுகுக்கு முதுகாகவும் கட்டப்பட்ட இருப்பிடத்தில் தலைமுறைகள் பிறந்து இறந்தன. 120 சதுர அடியில் ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உறங்கி, பிரசவித்து, படித்தது. அந்த வாழ்வை நீட்டிக்கும் எதையும் பாதுகாப்பு என்று அழைக்கக்கூடாது. இன்றும் ஆட்கள் குடியிருக்கும் லயனை ‘மரபு’ என்று சொல்லி இடிக்காமல் வைப்பது கொடுமை.

ஆனால் எல்லோரும் வெளியேறியபின், மாவட்டத்துக்கு ஓரிரண்டு வரிசைகளையாவது பெரட்டுக்களம் (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்), பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்), பிள்ளைக் காம்பரா, காமன் பொட்டல் (காமன் கூத்து ஆடும் வெளி) ஆகியவற்றோடு சேர்த்து விட்டுவைக்க வேண்டும். பங்களா நின்று லயன் மறைந்தால், நூறாண்டுக்குப் பின் வருபவருக்கு இந்த மலைகளில் துரைமார் மட்டுமே வாழ்ந்ததாகத் தோன்றும். கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் லயன் வரிசை ஒன்று தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டிருக்கிறது. பிள்ளைகளை அங்கே ஒருமுறை அழைத்துச் சென்றால் இந்த விடையைவிடக் கூடுதலாக விளங்கும். 2023இல் ‘மலையகம் 200’ என, முன்னோர் வந்து இருநூறாண்டு ஆனதன் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். அப்பாதையில் முன்னோர் தங்கிய மடங்களும் குடித்த கிணறுகளும் எங்கே இருந்தன என்று குறிக்கும் பலகைகள் கூட அரிதாகவே உள்ளன.

தோட்டங்களில் எழும் புதிய தனிவீடுகளின் அளவும் உரிமையும் எப்படி?

பொதுவாக 7 பேர்ச் காணி, அதாவது ஏறத்தாழ 1,905 சதுர அடி நிலம். அதில் 550 சதுர அடி வீடு. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் தோட்டப் பகுதிகளுக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. இன்னும் 10,000 வீடுகள் 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டன. தோட்டக் காணிகள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாகி, 1992இலிருந்து கம்பனிகளின் முகாமைத்துவத்துக்கு வந்தவை என்பதால், வீடு முடிந்தாலும் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) கைக்கு வரத் தாமதமாகலாம். சாவியோடு உறுதியையும், உறுதியில் கணவன் மனைவி இருவரின் பெயரையும் கேட்டு வாங்குங்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டபின் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பாதையும் கானும் அமைக்கப் பிரதேச சபைகளுக்குத் தடையில்லை.

வீட்டின் வடிவம் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருப்பது ஒரு குறை. பதுளைப் பக்கத்து வெயிலுக்கும் நுவரெலியாவின் உறைபனிக்கும் ஒரே சாளரம் பொருந்தாது. விறகடுப்புக்கு இடமில்லாத வீட்டில் மக்கள் பின்பக்கம் தகரக் கொட்டகை போடுவது வரைபடத்தின் தவறே தவிர மக்களின் தவறன்று.

தோட்டத்துக் கோயிலைத் திருப்பணி செய்யும்போது பழைய கட்டடத்தை இடித்துவிடலாமா?

இடித்துவிட்டுக் கொங்கிரீட் கோபுரம் எழுப்புவதே இப்போது பக்தியின் அளவாகக் கருதப்படுகிறது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராஜகோபுரத்தைப் போல ஒன்று தங்கள் தோட்டத்திலும் வேண்டும் என்ற ஆசையில் பிழையில்லை. எனினும் ஆகமங்களே ஜீர்ணோத்தாரணம் என்று பழுதுபட்டதைப் புதுக்குவதற்கு விரிவான முறை சொல்கின்றன; பாலாலயம் (தற்காலிகச் சந்நிதி) அமைத்துத் தெய்வத்தை எழுந்தருளச் செய்து, கெட்டதை மட்டும் மாற்றி, குடமுழுக்குச் செய்ய அந்த முறை இடமளிக்கிறது. முழுவதையும் உடை என்று அது கட்டளையிடவில்லை.

தோட்டத்துக் கோயிலில் எது பழையது என்பதையும் கவனிக்க வேண்டும். கங்காணியின் (தொழிலாளரை மேற்பார்த்தவரின்) பெயரும் ஆண்டும் பொறித்த மணி, ஊரிலிருந்து கொண்டுவந்த சூலம், கல்லில் கீறிய உபயகாரர் பெயர்கள், மரத்தடியில் வெறும் கல்லாக நிற்கும் முனியாண்டி ஆகியவையே வரலாறு. தொழிற்சாலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதை முனியும், கவ்வாத்து என்னும் தேயிலைச்செடி வெட்டும் வேலைக்குரிய கவ்வாத்துச் சாமியும் தோட்டத் தொழிலோடு பிணைந்த தெய்வங்கள். பளிங்கு பதித்த புதிய மண்டபத்தில் அவர்களுக்கு இடமில்லாமல் போவதைச் சில தோட்டங்களில் காண்கிறோம். சபை கூடித் தீர்மானம் எடுக்கும்போது, அகற்றப்படும் ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, எழுதி, கோயில் வளவிலேயே ஓர் அறையில் வைப்பதென்று தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டால் பின்னர் மனத்தாங்கல் வராது.

பழைய சுவர் ஈரம் காக்கிறது. சீமெந்தால் பூசினால் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் மோசமாகும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல், செங்கல் சுவர் ஈரத்தை உள்வாங்கித் திரும்ப வெளியே விடுவது. மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, சில ஆண்டுகளில் செங்கல் உதிர்ந்து பூச்சு பலகையாகக் கழன்று விழும். சுண்ணாம்புச் சாந்தாலேயே பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். அதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: அடைபட்ட பீலி, உடைந்த ஓடு, சுவரோரம் உயர்ந்துபோன மண் ஆகிய மூன்றில் ஒன்றாகவே அனேகமாக இருக்கும். மேற்குச் சரிவில் உள்ளவர்கள் மே மாதத்துக்கு முன்னரும், பதுளை, வெலிமடைப் பக்கத்தவர் ஒக்டோபருக்கு முன்னரும் பீலியைத் துப்புரவாக்குவது போதுமான பராமரிப்பு.

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் இரும்பே இல்லை என்பது உண்மையா?

ஆம். 1921இல் முடிந்த அப்பாலம் கல், செங்கல், சீமெந்து ஆகியவற்றால் கட்டப்பட்டது. நீளம் சுமார் 91 மீற்றர், உயரம் சுமார் 24 மீற்றர். ரயில் பாதை கண்டிக்கு 1867இலும் நானுஓயாவுக்கு 1885இலும் வந்தபின், பதுளையை எட்ட 1924 ஆயிற்று.

அணைகளில் மூழ்கிய ஊர்களின் கட்டடங்கள் என்னவாயின?

1960களில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் முழுவதும் நீருக்குள் விடப்பட்டது. வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளிப்படுகின்றன. மக்கள் போய்க் கற்பூரம் ஏற்றி வருகின்றனர். சேற்றில் நிற்கும் சுவர்களில் ஏறிப் படம் எடுப்பதும் சிற்பத் துண்டுகளைப் பெயர்த்துக் கொண்டுவருவதும் தவிர்க்கத்தக்கவை. இனி இத்தகைய திட்டம் வந்தால், நட்டஈட்டுக் கணக்கெடுப்போடு கட்டடங்களின் அளவீட்டையும் கோர வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு பழைய கட்டடம் இடிபடப்போவதாகக் கேள்விப்படுகிறோம். என்ன செய்யலாம்?

முதலில் தகவலை உறுதிப்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரதேச சபையிடமோ மாநகர சபையிடமோ இலங்கைக் குடிமக்கள் எவரும் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாள்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் தெரிவிக்க வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. கேட்க வேண்டியவை: கட்டட அனுமதியின் இலக்கமும் திகதியும், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் பிரதி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதம், தொல்பொருளியல் திணைக்களத்தின் கடிதம். இவற்றில் அந்த இடத்துக்குத் தேவையான ஒன்று இல்லை என்று தெரிந்தாலே வேலையை இடைநிறுத்தக் கோரலாம். நூறாண்டு கடந்த கட்டடமானால், அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்குமாறு தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்துக்கு ஊர்மக்கள் கையொப்பத்துடன் எழுதலாம். பிரதேச செயலாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். நான்கு பக்கமும், கூரையும், கதவு நிலையும், படியும் படமாகட்டும். நாடாவால் நீள அகலத்தை அளந்து ஒரு தாளில் கீறுங்கள். யார் கட்டியது, எந்த மேசன், எந்தத் தோட்டத்துக் கல் என்று முதியவர்கள் சொல்வதைத் திகதியோடு பதியுங்கள். பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு), கோயில் கணக்கு, உபயப் பட்டியல் கிடைத்தால் அவற்றையும் படமெடுங்கள். நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகம் இத்தகைய மலையக ஆவணங்களைச் சேர்த்து வைக்கிறது. மூலத்தை உரியவரிடமே விட்டுவிட்டுப் படப் பிரதியை மட்டும் அவர்களுக்குக் கொடுத்தால் போதும்.